பெரணிக்கு விதை எங்கே? சிங்கப்பூர்த் தோட்டத்தில் உள்ளூர்ப் பெரணிகள்

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு சின்ன சமூகத் தோட்டம் இருக்கிறது. கத்திரி, வெண்டை, கறிவேப்பிலை, பாண்டான் என்று எல்லோரும் போடுவதுதான். மதில் நிழல் விழும் ஓரத்தில் நான் நாலைந்து பெரணிகள் (ஆங்கிலத்தில் ஃபெர்ன்) வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழே போனால், பக்கத்து புளோக் அக்கா சோப்புத் தண்ணீரும் பழைய துணியுமாக உட்கார்ந்து, என் பறவைக்கூட்டுப் பெரணியின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"அடியில பாருங்க தம்பி, கோடு கோடா பூச்சி முட்டை. நல்ல வேளை, நான் பார்த்தேன்."

அது பூச்சி முட்டை இல்லை. அந்தப் பெரணியின் அடுத்த தலைமுறை. பாதியை ஏற்கெனவே துடைத்து முடித்துவிட்டார்.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். பெரணியைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சில் பாதி இப்படித்தான். பெரணி என்றால் இருட்டில் வை, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு, மரத்தில் ஏறவிட்டால் மரத்தைத் தின்றுவிடும், பழுப்பாகிப்போன மட்டையை உடனே வெட்டு. நானும் இதையெல்லாம் நம்பி மூன்று செடிகளைக் கொன்றிருக்கிறேன். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்தத் தீவில் பெரணி தானாகவே மதில் விரிசலில் முளைக்கிறது. அதை நாம் தொட்டியில் வைத்துச் சாகடிக்கிறோம் என்றால், அதன் வாழ்க்கை நமக்குப் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில், எது பெரணி?

பூக்காது, காய்க்காது, விதை விடாது. ஆனால் பாசியைப் போல ஒன்றுமில்லாத உயிரும் இல்லை. வேர், தண்டு, இலை எல்லாம் உண்டு. தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்களும் உண்டு. பூக்கும் செடிகள் உலகத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே பெரணிகள் வந்துவிட்டன.

அடையாளம் காண இரண்டு விஷயம் போதும். புது இலை விரியும்போது கைக்கடிகாரச் சுருள்வில்லைப் போலச் சுருண்டு வந்து, பிறகு மெல்ல அவிழும். அப்புறம், முதிர்ந்த இலையின் அடியில் பழுப்பாகப் புள்ளியோ கோடோ தூளோ இருக்கும். மலாயில் பெரணிக்குப் 'பாக்கு' என்று பெயர். ஆணிக்கும் அதே சொல்தான். இந்த இளஞ்சுருளைத் தேங்காய்ப்பாலில் சமைத்துச் சாப்பிடும் வழக்கமும் இங்கே உண்டு, ஆனால் எல்லாப் பெரணியும் சாப்பிடக்கூடியது இல்லை.

கடையில் 'ஆஸ்பராகஸ் ஃபெர்ன்' என்று பஞ்சுபோல ஒன்றை விற்பார்கள். அது பெரணியே இல்லை. பூக்கும், சிவப்பாகக் காய்க்கும். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு அது.

கட்டுச்சோறு இல்லாத பயணி

விதை என்பது அம்மா கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்பும் பிள்ளை. உள்ளே குட்டிச் செடி தயாராக இருக்கிறது. அது நாலு நாள் தாக்குப்பிடிக்கச் சாப்பாடு இருக்கிறது. மேலே மழைக்கோட்டு மாதிரி ஓர் ஓடு. அவரையை ஊறவைத்துப் பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெரணி அனுப்புவது இதை அல்ல. ஒரே ஒரு உயிரணு, அதைச் சுற்றி ஒரு உறை, அவ்வளவுதான். இதன் பெயர் ஸ்போர். உள்ளே குட்டிச் செடியும் கிடையாது, சொல்லிக்கொள்கிற மாதிரி சாப்பாடும் கிடையாது. தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் சேர்ந்தால் காப்பித்தூள் மாதிரித் தெரியும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில், பெரணிக்கு விதை இருந்தே தீர வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத விதை, அதைக் கையில் வைத்திருப்பவனும் மறைந்துபோவான் என்று நம்பினார்கள். தப்புதான், ஆனால் சுவையான தப்பு.

இலைக்கு அடியில் நாம் பார்க்கும் புள்ளி அல்லது கோடு ஒவ்வொன்றும் ஸ்போர்ப் பைகளின் கூட்டம். இதைச் சோரஸ் என்பார்கள். பறவைக்கூட்டுப் பெரணியில் நடு நரம்பிலிருந்து இருபக்கமும் சாய்வாக, சீப்பால் வாரியதுபோல ஒழுங்காகச் செல்லும் கோடுகள்தான் அதன் சோரஸ். ஒழுங்குதான் இங்கே துப்பு. பூச்சி இவ்வளவு வரிசையாக உட்காராது. சந்தேகம் இருந்தால் நகத்தால் சுரண்டுங்கள்: இலையோடு ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில்பூச்சி என்றால் மூடிபோலக் கழன்று வரும், பசையாக இருக்கும். சோரஸ் உலர்ந்த தூளாக உதிரும்.

அந்தப் பைகள் திறக்கும் விதம் பார்க்க வேண்டியது. காசித்தும்பைக் காயைத் தொட்டால் வெடிக்கும் இல்லையா, அந்த ரகம். ஒவ்வொரு பையின் முதுகிலும் முதுகெலும்புபோல ஒரு வரிசைத் தடித்த உயிரணுக்கள். காற்று உலர உலர அவற்றிலிருந்து தண்ணீர் ஆவியாகிறது. வரிசை சுருங்கி, வில்லை வளைப்பதுபோலப் பின்பக்கமாக வளைகிறது, பை கிழிகிறது. ஓர் அளவுக்கு மேல் உள்ளே இருக்கும் தண்ணீர் இழுவிசை தாங்காமல் சட்டென்று குமிழியாக அறுபடும். வில் விடுபட்டு முன்னால் பாயும். ஸ்போர்கள் தெறிக்கும். பெரும்பாலான பெரணிகளில் ஒரு பைக்கு 64 ஸ்போர். எனவே ஸ்போர் வெளியேற வறண்ட காற்று வேண்டும். 'எப்போதும் ஈரம்' என்ற பேச்சு இங்கேயே ஆட்டம் காண்கிறது.

கட்டுச்சோறு இல்லாததால் எடை இல்லை, எடை இல்லாததால் தூரம் ஒரு பொருட்டில்லை. 1883ல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்து அந்தத் தீவில் உயிரெல்லாம் அழிந்துபோனது. 1886ல், போகோர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் மெல்கியோர் ட்ரோய்ப் அங்கே இறங்கியபோது 11 வகைப் பெரணிகள் முளைத்திருந்தன. ஜாவா சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் பத்தாவது மாடி ஏசி குழாய்க்கு இடுக்கில் முளைத்திருப்பதை யார் நட்டது என்று இனிமேல் கேட்கத் தேவையில்லை.

இடையில் ஒரு குட்டி இதயம்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். ஸ்போர் முளைத்தால் பெரணி வராது. வருவது வேறொன்று: சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக, பச்சையாக, இதய வடிவில், தரையோடு ஒட்டிய ஒரு தகடு. பெயர் புரோதாலஸ். பார்த்தால் பாசி என்று சொல்லித் தேய்த்துக் கழுவிவிடுவோம்.

இந்தத் தகட்டின் அடிப்பக்கத்தில்தான் கல்யாணம். ஆணணுவும் முட்டையும் அங்கேதான் உருவாகின்றன. ஆணணு நீந்தித்தான் முட்டையை அடையும். நீந்த ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டும். பனித்துளி அளவு இருந்தாலும் போதும். சேர்ந்த பிறகு அந்த இடத்திலிருந்து முதல் குட்டிப் பெரணி கிளம்பி, தகட்டைத் தாண்டி வளரும். தகடு வாடிவிடும்.

தவளையை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் எவ்வளவு தாவினாலும் முட்டையிடத் தண்ணீருக்குத்தான் போகிறது. பெரணியும் அப்படி. வளர்ந்த செடி வெயிலும் காற்றும் தாங்கும்; ஆனால் வாழ்க்கையில் ஒரு கட்டத்தை மட்டும் தண்ணீர் இல்லாமல் கடக்க முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட, கடைச் சாப்பாடு கட்டிவரும் தாபாவ் டப்பாவில்தான் கற்றுக்கொண்டேன். தெளிவான மூடி உள்ள சாப்பாட்டு டப்பாவில் செங்கல் துண்டு ஒன்றை வைத்து, அடியில் தண்ணீர் விட்டு, மேலே ஸ்போரைத் தூவி ஜன்னலோரம் வைத்தேன். முதல் முயற்சி முழுக்கப் பாசியும் பூஞ்சையும். செங்கல்லைக் கொதிக்கவைக்காததன் பலன். இரண்டாவது தடவை கொதிக்கவைத்து ஆறவிட்டேன். ஆறேழு வாரத்தில் பச்சைப் பூச்சு, அப்புறம் குட்டிக் குட்டி இதயங்கள், செங்கல் நிறைய. மாதக்கணக்கில் அப்படியே நின்றன. ஒரு பெரணிகூட வரவில்லை. செங்கல் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் இதயங்களுக்குக் கீழே நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் இல்லை. அது மண்டையில் உறைத்த அன்று, தெளிப்பான் எடுத்து மேலிருந்து நனைத்தேன். ஒரு வாரம் தினமும் காலையில் அப்படி. அடுத்த மாதக் கடைசியில், ஒரு இதயத்தின் பிளவிலிருந்து அரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு இலை நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மகள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்காப்பா இவ்ளோ நாள்?" என்றாள்.

சரி, இதுவரை வந்ததைக் கோத்துப் பார்த்தால்: இலைக்கு அடியில் இருக்கும் சோரஸ் உலரும்போது ஸ்போரைத் தெறிக்கவிடும், ஸ்போர் விழுந்த இடத்தில் இதயத் தகடான புரோதாலஸ் வளரும், அதன்மேல் தண்ணீர் பட்டால்தான் நமக்குத் தெரிந்த பெரணி பிறக்கும். ஒரு கட்டத்துக்கு உலர்வு வேண்டும், இன்னொன்றுக்கு ஈரம்.

மரத்தில் ஏறினால் மரத்தைத் தின்னுமா?

சிங்கப்பூர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை நிமிர்ந்து பாருங்கள். கிளை நிறையப் பறவைக்கூட்டுப் பெரணி உட்கார்ந்திருக்கும். மரமே வந்தேறிதான், அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கொண்டுவந்து நட்டது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பெரணிதான் உள்ளூர்க்காரர். இந்த வேடிக்கை எனக்குப் பிடிக்கும்.

இவை ஒட்டுண்ணி இல்லை, தொற்றுத்தாவரம். மரத்தை இருக்கையாக மட்டும் பயன்படுத்தும் செடிக்கு இந்தப் பெயர். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் பையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் ஒட்டுண்ணி. சும்மா உட்கார்ந்து வந்தால் தொற்றுத்தாவரம். புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். பெரணியின் வேர் பட்டையின் மேலே பிடித்துக்கொள்வதோடு சரி. பாரம் ஒன்றுதான் மரத்துக்குச் சுமை.

அப்படியானால் சாப்பாடு? பறவைக்கூட்டுப் பெரணியின் வடிவமே விடை. நடுவில் கூடை. மேலிருந்து விழும் சருகு, தூசி, பறவை எச்சம் எல்லாம் அதில் சேர்ந்து மக்கி உரமாகிறது. தன் குப்பைத்தொட்டியைத் தானே எருக்குழியாக்கிக்கொண்ட செடி இது. போர்னியோவின் டனம் பள்ளத்தாக்கில் ஆராய்ந்தபோது, பெரிய பெரணி ஒன்று 200 கிலோ வரை எடை இருந்தது. அதற்குள் வாழும் பூச்சி வகையறாக்களின் எடை, மரத்தின் மீதிக் கிளைகளில் வாழ்பவற்றின் மொத்த எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். கூடைக்குள் மண் மட்டுமில்லை, ஒரு கிராமமே இருக்கிறது. மலாய்க்காரர்கள் இதைப் 'பாக்கு லாங்சுயர்' என்பார்கள். லாங்சுயர் என்ற பெண்பேய் குடியிருக்கும் இடமாம். எதிர்வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) இதைச் சொன்னதிலிருந்து என் மகள் இரவில் தோட்டத்துப் பக்கம் போவதில்லை.

காய்ந்த மட்டை விஷயமும் இங்கேதான் வருகிறது. மான்கொம்புப் பெரணிக்கு இரண்டு வகை இலை. கொம்புபோலத் தொங்குவது ஒன்று. மரத்தை அணைத்துக்கொண்டு கேடயம்போல நிற்பது இன்னொன்று. கேடய இலை பழுப்பாகிக் காகிதம்போல ஆனாலும் வேலையை விடாது: வேரை மூடும், சருகைப் பிடிக்கும். செத்துவிட்டது என்று அதைப் பிய்த்தால் செடியின் சட்டியையே உடைத்த மாதிரி. முடவாட்டுக்கால் பெரணிக்கும் இப்படிக் காய்ந்த சருகுக் கிண்ணங்கள் உண்டு. கொல்லிமலைக்குப் போய் ரோமம் மூடிய முடவாட்டுக்கால் 'கிழங்கு' சூப் குடித்துவிட்டு வந்தவர்கள், அதே செடி சிங்கப்பூரிலும் உள்ளூர் என்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். அது கிழங்குகூட இல்லை, படர்ந்து போகும் தண்டு.

நிழல், ஈரம்: பாதி உண்மை

பெரணிகளை ஒரே செடியாக நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. எருமை, ஒட்டகம் இரண்டும் மாடு மாதிரித்தான் இருக்கிறது என்று ஒரே தொழுவத்தில் கட்டினால் என்ன ஆகும்?

சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பலகைப் பாதையோரம் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அலையாத்திப் பெரணி, உப்புச் சேற்றில் கால் வைத்துக்கொண்டு வெயிலைக் குடிக்கிறது. மலாயில் 'ரெசாம்' என்று சொல்லும் பெரணி, வேறெதுவும் வளர விரும்பாத வறட்டுக் களிமண் சரிவில், வெட்டவெளியில், புதராக மண்டுகிறது. புக்கிட் தீமா காட்டின் உள்ளே இருப்பவைதான் நாம் கற்பனை செய்யும் நிழல்பிரியர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'சிசிக் நாகா'. மலாயில் டிராகனின் செதில் என்று பொருள். மரக்கிளையில் நாணயங்களை ஒட்டிவைத்ததுபோலச் சின்னச் சின்னத் தடித்த இலைகள். கொளுத்தும் வெயிலில், கையளவு மண்கூட இல்லாத பட்டையில் எப்படி உயிரோடு இருக்கிறது? இலையில் காற்று உள்ளே போகும் நுண்துளைகள் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் அவற்றைத் திறக்கும். காற்று உள்ளே வரும்போது தண்ணீர் வெளியே போகும். சிசிக் நாகா கள்ளிச்செடி மாதிரி இரவில் திறந்து, வேண்டிய கரியமில வாயுவைச் சேமித்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிடுகிறது. மழைக்காட்டுத் தீவில் ஒரு கள்ளித்தனம்! காரணம் எளிது. நாம் மழைநாட்டில் வாழ்கிறோம். ஆனால் மரக்கிளை மழைநாட்டில் இல்லை. மழை நின்ற ஒரு மணி நேரத்தில் கிளை உலர்ந்துவிடும்.

என் மூன்று செடிகள் செத்த காரணமும் இதுதான். பறவைக்கூட்டுப் பெரணியைத் தோட்ட மண்ணில் நட்டுத் தினமும் ஊற்றினேன். மழையில் நனைந்துவிட்டுத் துவட்டிக்கொள்வது வேறு, ஈரத்துணியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது வேறு. கிளையில் வாழும் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். பிசுபிசுத்த மண்ணில் அது மூச்சுமுட்டி அழுகியது. இலை வாடியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்.

ஆகவே ஒரு பெரணி கைக்கு வந்தால் முதல் கேள்வி 'எவ்வளவு தண்ணீர்' என்பதல்ல, 'இது எங்கிருந்து வந்தது' என்பதுதான். கிளையா, காட்டுத்தரையா, சேறா, வெட்டவெளியா?

இனி, நடுவது

உள்ளூர்தானா என்று முதலில் பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் மான்கொம்புப் பெரணி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிங்கப்பூருக்குச் சொந்தமான வகையில் கேடய இலைகள் கிரீடம்போல மேலே நிமிர்ந்து நிற்கும், கொம்பு இலைகள் கயிறுகயிறாக நீளமாகத் தொங்கும், ஸ்போர் தனியாக ஒரு கிண்ண வடிவ மடலில் உருவாகும். காட்டில் இது மிக அரிதாகிவிட்டது. சாலையோர மரங்களில் பார்ப்பதில் பல நட்டுவைத்தவை. கடைக்காரரிடம் எங்கே வளர்த்தது என்று கேளுங்கள். இயற்கை வனப்பகுதியிலிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம், ஸ்போர் உள்ள ஒரு இலையாக இருந்தாலும்.

தொடங்குபவருக்கு நான் பறவைக்கூட்டைத்தான் சொல்வேன். மண்ணே வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த செங்கல், அதாவது ஆர்கிட்டுக்குப் போடும் கலவை. அல்லது மரத்தின் கவையில் தேங்காய் நார் வைத்து மீன்பிடி நரம்பால் கட்டிவிடலாம். வேர் பிடித்ததும் நரம்பை அறுத்துவிடுங்கள். காலை வெயில் பரவாயில்லை, மதிய வெயில் இலையைச் சுட்டுவிடும். கலவை உலரத் தொடங்கியதும் நன்றாக ஊற்றுங்கள், வடியட்டும், மறுபடி உலரும்வரை விட்டுவிடுங்கள். பிப்ரவரி வாக்கில் மழை பின்வாங்கும் நாட்களில் மட்டும் அடிக்கடி கவனிக்க வேண்டும். உரம் போட்டே ஆக வேண்டும் என்றால் பாக்கெட்டில் சொன்னதில் பாதி. நான் கூடைக்குள் சருகைத்தான் போடுகிறேன், கட்டணம் இல்லாதது.

மாடி வீட்டில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏசி கம்ப்ரெசர் ஊதும் வழியில் வைக்காதீர்கள், இரண்டு வாரத்தில் இலையோரம் கருகும். தொட்டிக்குக் கீழே தட்டும் வேண்டாம். பெரணிக்கும் கெடுதல், டெங்கிக் கொசுவுக்கும் வசதி.

காட்டுத்தரைப் பெரணிகளுக்கு மட்டும்தான் மக்கிய இலை கலந்த மண்ணும், தொடர்ந்த ஈரமும், நிழலும். ரெசாமைத் தொட்டியில் வைக்க முயல வேண்டாம். பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிடிப்பதில்லை.

வளர்ந்த செடிகளை நேரில் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1859ல் தொடங்கிய இடம் அது. 1925 முதல் 1949 வரை அதன் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம் மலாயாப் பெரணிகளுக்காகவே பெயர்பெற்றவர். அங்கேயும் நான் செய்வது ஒன்றுதான்: இலையைத் தொடாமல் குனிந்து அடியில் பார்ப்பது. பார்ப்பவர்கள் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

அந்த அக்கா விஷயம் பாக்கி இருக்கிறது. துடைக்காமல் மிஞ்சிய இலை ஒன்றின் நுனியை வெட்டி, வெள்ளைத் தாளில் குப்புறப் போட்டு, மேலே இன்னொரு தாள் மூடி அவரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே கதவைத் தட்டினார். கையில் தாள். அதில் இலையின் கோடுகள் அப்படியே, பழுப்புத் தூளால் அச்சடித்ததுபோல விழுந்திருந்தன. "தம்பி, தாபாவ் டப்பா எத்தனை வேணும்?" என்றார்.